பழைய சிறு வீட்டை வாங்கிப் பழுதுபார்த்துக் குடியேறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகை ஊர்களான கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், மன்னார்குடி ஆகியவற்றின் உள்தெருக்களில் பழைய சிறு வீடுகள் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று போகும் வீடுகள் இவை. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ நிலைபெற்றுவிட, பெற்றோர் காலத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்தவை பல. முதலீட்டுக்காக அல்லாமல், தாமே குடியிருப்பதற்காக இப்படி ஒரு வீட்டை வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்கான பதில்கள் இவை.

பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்வது லாபமா, மனை வாங்கிப் புதிதாகக் கட்டுவது லாபமா?

பொதுவாக ஒரே விடை சொல்ல முடியாது. ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விடை தெளிவாகிறது: இந்த வீட்டில் உள்ள குறைகளில் எவற்றைப் பணம் கொடுத்துச் சரிசெய்ய முடியும், எவற்றை எவ்வளவு பணம் கொடுத்தாலும் சரிசெய்ய முடியாது? ஒழுகும் கூரை, உதிரும் பூச்சு, பழைய மின்கம்பி, உடைந்த தளம் ஆகிய அனைத்தும் முதல் வகை. வில்லங்கமான பத்திரம், தண்ணீர் தேங்கும் பள்ளம், அவசர ஊர்தி நுழைய முடியாத சந்து, கோயிலுக்குச் சொந்தமான மனை ஆகியவை இரண்டாம் வகை. பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் முதல் வகைக் குறைகள் மட்டுமே உள்ள வீட்டைத் தயங்காமல் பேசலாம். புதுச் சுண்ணாம்பு அடித்து மினுக்கி வைத்திருந்தாலும் இரண்டாம் வகைக் குறை ஒன்று இருக்கும் வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

ஊர் நடுவில் பள்ளியும் மருத்துவமனையும் கடைத்தெருவும் நடக்கும் தூரத்தில் இருக்கும் இடத்தில், அதே விலைக்குக் காலிமனை கிடைப்பது அரிது. பழைய வீட்டின் பெரிய பலம் அதுதான். மனைப்பிரிவுகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, வண்டி இல்லாமல் எதற்கும் போக முடியாத இடத்தில் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது வீட்டையா, பத்திரத்தையா?

வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, மனதுக்குப் பிடித்திருந்தால் உடனே பத்திரத்துக்குப் போய்விடுங்கள். வீட்டை மூன்றாம் முறை பார்க்கும்போது குடும்பத்தில் எல்லோரும் அதற்குள் குடியேறிவிட்ட மனநிலைக்கு வந்துவிடுவார்கள். அதன்பின் வழக்கறிஞர் சொல்லும் குறை காதில் ஏறாது.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆவணம் வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் அங்கே இருக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதை மறக்க வேண்டாம். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் அதற்கு வழி. எதிர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அந்தக் குடும்பத்தின் வழக்கு வரலாறு முழுவதும் தெரிந்துவிடும்.

நகர எல்லைக்குள் டவுன் சர்வே எண்படி நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, நிலத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். பத்திரத்தில் உள்ள நீள அகலமும், பதிவேட்டில் உள்ள பரப்பும், டேப் பிடித்து அளந்த அளவும் ஒத்துப்போக வேண்டும். பழைய பத்திரங்களில் முழக்கணக்கில் எழுதியிருப்பார்கள். கொல்லைப் பக்கத்தில் இரண்டடி, மூன்றடி குறைவது சாதாரணம். குறைந்த அளவுக்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். விற்பவரையும் அழைத்துச் சர்வேயரைக் கொண்டு அளந்துவிட்டால் பின்னால் பேச்சு வராது.

“அடிமனை கோயிலுக்கு, கட்டடம் மட்டும்தான் எங்களுக்கு” என்கிறார்கள். விலை பாதிதான். வாங்கலாமா?

கோயில் நகரங்களில் மிக அடிக்கடி எழும் கேள்வி இது. தேர் ஓடும் வீதிகளிலும் மடத்துத் தெருக்களிலும் பல வீடுகளின் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ கட்டளைக்கோ (கோயில் பூசை போன்ற குறிப்பிட்ட காரியத்துக்கு எழுதி வைத்த அறக்கொடை) சொந்தம். குடியிருப்பவர் தலைமுறைகளாக மனை வாடகை கட்டிவருவார். தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் (1959) 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் அத்தகைய சொத்தை விற்பது செல்லாது. கோயில் பெயரில் உள்ள சர்வே எண்ணுக்கான கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யவும் மாட்டார். கோயில் நிலங்களின் விவரங்களை அறநிலையத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

குடும்ப வீடு என்று வரும்போது என் விடை: வேண்டாம். வங்கிக் கடன் கிடைக்காது. வாடகை உயரும். மாடி எடுக்க ஒவ்வொரு முறையும் அனுமதிக்கு அலைய வேண்டும். நீங்கள் கொட்டிய பழுதுபார்ப்புச் செலவை விற்கும்போது திரும்பப் பெறவும் வழியிருக்காது. பாதி விலை என்பது சலுகை போலத் தோன்றும். உண்மையில் பாதிப் பொருளுக்கான விலைதான் அது.

விற்பவர் மூத்த மகன். தங்கைகளுக்கு “அப்போதே சீர் செய்துவிட்டோம்” என்கிறார். அவர் கையெழுத்து போதாதா?

போதாது. தந்தை உயில் எழுதாமல் இறந்த தனிப்பட்ட சொத்தில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் அனைவருக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் கொண்டுவந்தது. அப்போதே மணமாகியிருந்த பெண்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்து, மணமானவரா இல்லையா என்ற வேறுபாட்டையும் நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்திவிட்டது.

நகை போட்டுக் கல்யாணம் செய்து கொடுத்தது சொத்துரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். வாரிசுகளில் ஒருவர் முன்பே இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளும் வர வேண்டும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டியது அவர்களைச் சென்று சேரட்டும். அப்படி முடிந்த கிரயம்தான் உங்கள் பிள்ளைகளுக்கும் நிலைக்கும்.

எந்தப் பழுதுக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கூரையிலிருந்து தொடங்குவோம். இந்த ஊர்களில் மூன்று வகைக் கூரைகளைப் பார்ப்பீர்கள்.

ஓட்டு வீட்டில் ஓடு உடைந்திருப்பது பெரிய விஷயமில்லை. ஓட்டைத் தாங்கும் கைமரமும் ரீப்பரும்தான் முக்கியம். முற்றத்தைச் சுற்றி இரண்டு சரிவுகள் கூடும் இடமான கூடல்வாயில்தான் ஒழுகல் தொடங்கும். அதற்கு நேர்கீழே உள்ள மரத்தையும் சுவரையும் பாருங்கள். கைமரம் நடுவில் தொய்ந்திருந்தால் வெளியே நின்று முகட்டுக் கோட்டைப் பார்த்தாலே தெரியும். நேர்கோடாக இருக்க வேண்டியது வளைந்திருக்கும்.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மரக்கட்டைத் தளத்தில், தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துத் தட்டோடு பதித்திருப்பார்கள். நன்றாகப் பராமரித்த தளம் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. இதில் பழுது வரும் இடம் கட்டையின் நடுப்பகுதி அன்று, சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. சுவர் ஈரமானால் அந்த முனை மட்டும் உளுத்துப்போகும், கீழிருந்து பார்த்தால் கட்டை வைரம் போலத் தெரியும். சுவரை ஒட்டிய இடத்தில் நீண்ட திருப்புளியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு கட்டைகள் என்றால் முட்டுக் கொடுத்து மாற்றலாம். வரிசையாக எல்லாம் போயிருந்தால் தளம் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, எழுபது எண்பதுகளில் போட்ட கான்கிரீட் தளம். மூன்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் காரையைத் தள்ளும். கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து கம்பி தெரிகிற வீட்டில், மேலே சிமென்ட் பூசி வெள்ளையடித்து விற்பது வழக்கமாகிவிட்டது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். ஆங்காங்கே என்றால் சரிசெய்யலாம். அறை முழுவதும் என்றால் தளத்தை இடித்துப் போடும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் விரிசல் இருந்தால் அது பழையதா, இன்னும் விரிகிறதா என்பதுதான் கேள்வி. பூச்சில் தலைமுடி போல ஓடும் கீறல்களை விட்டுவிடுங்கள். சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போலச் சாய்வாக ஏறும் விரிசல், அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். அசைவு இருந்தால் கண்ணாடி உடையும். பேச்சுவார்த்தை நடக்கும் வாரங்களிலேயே இதைச் செய்யலாம், விற்பவர் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓதம் ஏறிய சுவருக்குச் சிமென்ட் பூச்சு மருந்தாகாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி மேலே ஏறும், இடுப்பளவில் இருந்த உப்புப் பூப்பு தோளளவுக்குப் போகும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குளியலறைச் சாக்கடைக் கசிவோ கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுவதோ காரணமாக இருக்கும். அதை அடைத்து, சிமென்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்பினால் பெரும்பாலும் சீராகிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் கிடைக்கிறார்கள். பழைய கோயில் வேலைகள் நடக்கும் இடங்களில் விசாரியுங்கள்.

மின்கம்பி, குழாய், கழிப்பறை இவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். மரச்சட்டத்தில் ஓடும் பழைய கம்பிகளுக்குப் பெரும்பாலும் எர்த் இருக்காது. முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவைவிட வீடு தாழ்வாக இருக்கிறது. இது பெரிய குறையா?

மிகப் பெரிய குறை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டதால் தெருக்கள் உயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன திண்ணை இன்று தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் நாளில் அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கோடையில் பத்து முறை பார்ப்பதைவிட இது மேல். தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, முற்றத்துத் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது, பாதாளச் சாக்கடை மூடி பொங்குகிறதா என்று கவனியுங்கள். உள்தளத்தை மேடேற்றலாம்தான். ஆனால் ஓட்டு வீட்டில் தாழ்வாரத்து உயரம் ஏற்கெனவே குறைவு, ஓரடி மேடேற்றினால் நிலைப்படியில் தலை இடிக்கும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் முறை சென்னையில் நடக்கிறது. அடித்தளப் பட்டியும் சுவரும் உறுதியான வீடுகளுக்கு அது சரி. மண் சாந்தில் கட்டிய நூறாண்டுச் சுவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, வெளியேற வழியும் இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.

இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பிரச்சினை வருமா?

பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை இடிக்கும் நாளில் வரும். அதுவரை வெயிலும் மழையும் படாமல் இருந்த உங்கள் சுவர் திடீரென்று வெளிச்சுவர் ஆகிவிடும். சுவர் யாருக்குச் சொந்தம், பொதுவா, உத்திரம் வைக்கும் உரிமை யாருக்கு என்று பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வாங்குவதற்கு முன்பே இரண்டு பக்கத்தாரையும் போய்ப் பாருங்கள். அவர்களும் விற்கப்போகிறார்களா என்பதும் தெரியும், பின்னால் வேலை நடக்கும்போது கிடைக்கப்போகும் ஒத்துழைப்பும் தெரியும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டால் என்ன?

இடித்த நிமிடத்திலிருந்து அது காலிமனை. புதுக் கட்டடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொருந்தும், சாலை அகலத்தையும் மனை அகலத்தையும் பொறுத்துத் திறந்தவெளி விட வேண்டியிருக்கும். பதினைந்தடி அகல மனையில் ஒரு பக்கம் மூன்றடி விட்டாலே அறை சுருங்கிவிடும். உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியாக (வீடுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டலாம் என்ற பகுதியாக) அறிவிக்கப்பட்டிருந்தால் பக்கவாட்டு இடம் விட வேண்டியதில்லை. ஆகவே இடிக்கும் முன் நகராட்சியில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, முதல் தளம் வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையத்தில் உடனடி அனுமதி தரும் முறை 2024 ஜூலை முதல் இருக்கிறது. அனுமதி விரைவாகக் கிடைக்கும், விதிகள் தளராது.

இன்னொன்று. நல்ல தேக்கு நிலையும் தூண்களும் உள்ள வீட்டை இடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த மரம் இன்று அந்த விலைக்குக் கிடைக்காது. கூடத்தின் உயரமும் முற்றத்தின் காற்றும் சித்திரை வெயிலில் தரும் குளிர்ச்சியைக் கான்கிரீட் பெட்டி தராது.

வங்கிக் கடன் கிடைக்குமா? கையில் எவ்வளவு வேண்டும்?

கிடைக்கும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவாக. முப்பது லட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கிகள் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. அந்த மதிப்பை நிர்ணயிப்பவர் வங்கியின் மதிப்பீட்டாளர். பழைய கட்டடத்துக்கு அவர் மிகக் குறைவாகவே போடுவார். கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைப் பார்த்துக் கடன் காலத்தையும் குறைப்பார்கள். மண்சுவர், ஓட்டுக்கூரை என்றால் சில வங்கிகள் தயங்கும்.

ஒரு கணக்குக்காக: விலை 20 லட்சம், மதிப்பீடு 16 லட்சம் என்றால் அதிகபட்சக் கடன் 14.4 லட்சம். மீதி 5.6 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு; அது 1.8 லட்சம். (பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும், 2025 ஏப்ரல் முதல் இந்தச் சலுகை.) பழுதுபார்ப்புக்கு ஆறு லட்சம் என்று வைத்தால், கையில் 13.4 லட்சம் வேண்டும். கடன் கிடைக்கிறதே என்று 2 லட்சத்தோடு இறங்குகிற குடும்பம் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு வட்டிக்கு அலைகிறது. பழுதுபார்ப்புக்குத் தனிக் கடன் உண்டு, அதை வீட்டுக் கடனோடு சேர்த்தே பேசிவிடுங்கள்.

செலவைக் குறைக்கக் கட்டடத்தை மறைத்துக் காலிமனை என்று பத்திரம் எழுதச் சொல்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். கள ஆய்வில் தெரிந்துவிடும், கடனுக்கும் தடையாகும். முன்பணத்தை 20,000 ரூபாய்க்குக் கீழே தவிர விற்பவர் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பதும் வருமானவரிச் சட்டத்தில் உள்ளது.

பழுதுபார்ப்புச் செலவை எப்படிக் கணிப்பது?

வீட்டைப் பார்க்க வரும் கொத்தனாரின் ஒட்டுமொத்தத் தொகையை நம்ப வேண்டாம். கூரை, சுவர், தளம், மின்சாரம், குழாய், கழிப்பறை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஓட்டு வீடு என்றால் ஓர் ஆசாரியையும், கான்கிரீட் என்றால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் பணம் கொடுத்து அழைத்துவந்து பார்க்கச் சொல்லுங்கள். வந்த தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்த பிறகே தெரியும் பழுதுகள் பழைய வீட்டில் நிச்சயம் இருக்கும். கூட்டிய தொகை உங்களால் முடியாது என்றால் இந்த வீடு உங்களுக்கானது அன்று.

குடியிருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமா?

கூரையையும் மின்கம்பியையும் கழிப்பறையையும் முடிக்காமல் குடிபோக வேண்டாம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் சுண்ணாம்புத் தூளும் திறந்த கம்பியும் ஆபத்து. வர்ணம், தளக்கல், அலமாரி, திண்ணை எல்லாம் குடியேறிய பிறகு வருடக் கணக்கில் செய்யலாம். தை மாதத்தில் தொடங்கி ஆவணிக்குள் கூரை வேலை முடியும்படி திட்டமிடுங்கள். புரட்டாசியில் பிரித்த கூரையை மழை வந்து நிறுத்திவிடும்.

வயதான பெற்றோருடன் வாழ இந்த வீடு சரிப்படுமா?

மாடி ஏற வேண்டாம் என்பது நல்லது. ஆனால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாசற்படி, முற்றத்துக்கு இறங்கும் படி, கொல்லைக்கோடியில் கழிப்பறை என்பது முதியவர்களுக்குக் கடினம். கூடத்தை ஒட்டிய அறையில் ஒரு கழிப்பறை கட்டக் குழாய்ச் சாய்வு கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பிளம்பரைக் கேளுங்கள். நீளமான வீட்டில் சாக்கடை தெருவரை போக வேண்டும், சாய்வு போதாவிட்டால் அடைத்துக்கொண்டே இருக்கும். முற்றத்துத் தரைக்குச் சொரசொரப்பான கல், சுவரோரம் பிடிமானக் கம்பி, இரவு விளக்கு இவற்றை முதல் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

வாஸ்து?

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு முக்கியம் என்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகு பார்த்து, நல்ல சுவரை இடிப்பதில் பொருளில்லை.

மனைவிக்கு விருப்பமில்லை; எனக்கு மட்டும்தான் ஆசை. என்ன செய்வது?

அவர் சொல்லும் காரணத்தை எழுதி வையுங்கள். பெரும்பாலும் அடுக்களையின் இருட்டு, தண்ணீர், துணி துவைக்கும் இடம், அலுவலகத்துக்குப் போகும் பஸ், பெண் குழந்தை மாலையில் தனியே நடந்துவர வேண்டிய சந்து என்று மிகத் திட்டமான காரணங்களாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விடை கிடைத்தால் மனம் மாறலாம். கிடைக்காவிட்டால் அவர் சொல்வதே சரி. வீட்டில் யார் அதிக நேரம் வேலை செய்கிறாரோ அவருடைய சொல்லுக்கே எடை அதிகம். வாங்குவதானால் இருவர் பெயரிலும் பதியுங்கள்.

பதிவு முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பட்டா மாற்றம், சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகிய நான்கையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். உட்பிரிவு தேவைப்படாத முழு மனை என்றால் பட்டா விரைவாக மாறும், பிரித்து வாங்கியது என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதற்கான ரசீதுகளைக் கிரயத்தன்றே விற்பவரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் வாடகைதாரர் இருந்தால், அவர் காலி செய்து சாவி உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.